வாக்குறுதி... அவுட் ஆஃப் சிலபஸா?



சட்டமன்றத் தேர்தல் வந்தா உங்க தெருவுக்குள்ள ஒரு வேன் வரும். மேல நாலு ஸ்பீக்கர், முன்னாடி பத்து பைக்கு, நடுவுல கும்பிட்ட கையோட ஒரு வேட்பாளர். அவர் சிரிக்கிறதுக்குள்ள உங்க கையில ஒரு நோட்டீஸைத் திணிச்சுட்டு வேன் அடுத்த தெருவுக்குப் போயிடும். முன்பக்கம் அண்ணனோட ஃபோட்டோ. பின்பக்கம் வாக்குறுதி. ‘சாக்கடை அடைப்பை நீக்குவேன். எக்ஸ்பிரஸ் ரயிலை நம் ஊரில் நிற்க வைப்பேன். மதுக்கடையை மூடுவேன். நீட்டை ஒழிப்பேன். டோல்கேட்டை அகற்றுவேன்.’

நாம அதை என்ன பண்றோம்? மடிச்சு பைக் கண்ணாடியைத் துடைக்கிறோம். கொஞ்சம் நல்ல பேப்பரா இருந்தா ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை.

பாஸ், ஒரே ஒரு தடவை அந்த நோட்டீஸை செமஸ்டர் கொஸ்டின் பேப்பர் மாதிரி படிச்சுப் பாருங்களேன். ஹால்ல பேப்பர் கைக்கு வந்ததும் முதல்ல என்ன தேடுவோம்? எது சிலபஸ்ல இருக்கு, எது அவுட் ஆஃப் சிலபஸ்! அதே கண்ணோட வேட்பாளரோட கொள்கையையும் பார்க்கணும்கிறதுதான் இந்த வார ‘கேண்டீன் பெஞ்ச்’ மேட்டர்.

நம்ம கிளாஸ் ரெப்பு எலெக்‌ஷன்ல நின்னு, ‘ஜெயிச்சா எல்லாருக்கும் இன்டர்னல் ஃபுல் மார்க்’னு சொன்னா கைதட்டுவோமா, சிரிப்போமா? இன்டர்னல் போடுறது ரெப்பு வேலை இல்லைன்னு நமக்குத் தெரியும். அதனால சிரிப்போம். எம்.எல்.ஏ. விஷயத்துல மட்டும் ஏன் கைதட்டுறோம்? அவரோட வேலை எது, எது இல்லைன்னு நமக்கு யாரும் ஒழுங்கா சொல்லித் தரலை. அவ்வளவுதான்.

சிலபஸ் எங்கே இருக்கு?

அரசியலமைப்புச் சட்டத்துல ஏழாவது அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு. பிளஸ் டூ படிச்சப்போ மனப்பாடம் பண்ணி மறந்திருப்பீங்க. அதுல மூணு பட்டியல். மத்தியப் பட்டியல்: ரயில், விமான நிலையம், தேசிய நெடுஞ்சாலை மாதிரி டெல்லியோட வேலைகள். மாநிலப் பட்டியல்: போலீஸ், பொது சுகாதாரம், விவசாயம், மது, உள்ளாட்சி. மூணாவது பொதுப் பட்டியல். அங்கே ரெண்டு பேரும் சட்டம் போடலாம்.

கல்வி முதல்ல மாநிலப் பட்டியல்லதான் இருந்தது. 1976-ல், எமர்ஜென்சி காலத்துல, 42-வது திருத்தம் மூலமா அதைப் பொதுப் பட்டியலுக்கு மாத்தினாங்க. பொதுப் பட்டியல்ல மத்தியச் சட்டமும் மாநிலச் சட்டமும் மோதினா மத்தியச் சட்டம்தான் ஜெயிக்கும். ஆனா, மாநிலச் சட்டத்துக்கு ஜனாதிபதி ஒப்புதல் கிடைச்சுட்டா அந்த மாநிலத்துக்குள்ள மாநிலச் சட்டம் செல்லும். இந்த ‘ஆனா’வை அண்டர்லைன் பண்ணிக்குங்க. பின்னாடி 13 மார்க் கேள்வியா வரும்!

இது போக 1992-ல் கொண்டு வந்த 73, 74-வது திருத்தங்களால பஞ்சாயத்து, நகராட்சி, மாநகராட்சிகளுக்குத் தனி இடம் கிடைச்சது. தெருவிளக்கு, குப்பை, சாக்கடை அவங்க ஏரியா.

ஆக, ஒரு நோட்டீஸ்ல இருக்கிற எந்த வாக்குறுதியையும் நாலு கட்டத்துல போட்டுடலாம். எம்.எல்.ஏ. தன் தொகுதி நிதியில செய்யக்கூடியது, உள்ளாட்சியோடது, கோட்டையில முடிவாகிறது, டெல்லியில முடிவாகிறது.

‘உங்க எம்.எல்.ஏ. என்ன செய்யணும்?’னு எங்க ஹாஸ்டல்ல நாலு ரூம் கதவைத் தட்டிக் கேட்டேன். பொண்ணுங்க ஹாஸ்டல்லயும் விசாரிச்சேன். அதாவது, கிளாஸ்மேட் மூலமா விசாரிக்கச் சொன்னேன். சந்தேகப்படாதீங்க! வந்த பதில்களை அந்த நாலு கட்டத்துல போட்டதுல கிடைச்சதுதான் கீழே இருக்கிறது.

தலைக்கு 110 ரூபாய்!

‘எங்க ஊர் பஸ் ஸ்டாப்புக்கு நிழற்குடை வேணும்.’ ‘நான் படிச்ச ஸ்கூல்ல பொண்ணுங்களுக்கு டாய்லெட் கட்டணும்.’ இந்த ரெண்டும் முதல் கட்டம். எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதியில செய்யக்கூடிய வேலைங்க. தமிழ்நாட்டுல இந்த நிதியை 2.5 கோடியிலிருந்து வருஷத்துக்கு 3 கோடியா உயர்த்தினாங்க. அந்தப் பணம் எம்.எல்.ஏ. கைக்கு வராது. எந்த வேலை வேணும்னு அவர் பரிந்துரைப்பார். செலவு பண்ணி முடிக்கிறது மாவட்ட நிர்வாகமும் உள்ளாட்சியும். அதுலயும் ஒரு பகுதி அரசு குறிப்பிடுற வேலைகளுக்கு மட்டும்தான்.

3 கோடின்னதும் வாயைப் பிளக்காதீங்க. நாம இன்ஜினீயருங்க, கணக்குப் போடுவோம். 2021 தேர்தல்ல தமிழ்நாட்டு வாக்காளர்கள் சுமார் 6.28 கோடி. தொகுதிகள் 234. சராசரியா ஒரு தொகுதிக்கு 2 லட்சத்து 68 ஆயிரம் பேர். 3 கோடியை வகுத்தா தலைக்கு சுமார் 110 ரூபாய். வருஷத்துக்கு! எங்க காலேஜ் வாசல் கடையில அரை பிளேட் பிரியாணிக்கே அது பத்தாது.

அதனால, ‘சொந்த முயற்சியில் பாலம் கட்டுவேன், ஸ்டேடியம் கட்டுவேன், கல்லூரி கொண்டு வருவேன்’னு ஒரே நோட்டீஸ்ல அடுக்கினா, ‘அண்ணே, இந்த நிதியிலயா, இல்லை அரசுகிட்ட தனியா வாங்குவீங்களா?’ன்னு மரியாதையா கேட்கலாம். தனியா வாங்குறதுக்கும் வழி இருக்கு. 2022 ஆகஸ்டுல ‘உங்கள் தொகுதியில் முதலமைச்சர்’ திட்டத்துக்காக, தொகுதிக்குத் தேவையான பத்து முக்கியமான கோரிக்கைகளை எழுதிக் கொடுக்கச் சொல்லி 234 எம்.எல்.ஏ.க்களுக்கும் முதல்வர் கடிதம் அனுப்பினார். அப்போ எம்.எல்.ஏ.வா இருந்தவர் உங்க தெருவுக்கு ஓட்டு கேட்டு வந்தா கேள்வி ரெடி: ‘நீங்க கொடுத்த பத்து என்ன? அதுல எத்தனை முடிஞ்சது?’

சாக்கடை யாரோடது?

ஹாஸ்டல் லிஸ்ட்ல அதிகமா வந்தது இதுதான். குப்பை, தெருவிளக்கு, தண்ணி தேங்குற ரோடு. ‘மழை பெஞ்சா எங்க தெருவுல போட்ல போகலாம் மச்சி’ன்னான் எதிர் ரூம்காரன். இதுக்கெல்லாம் முதல்ல கேட்க வேண்டியது கவுன்சிலரையும் பஞ்சாயத்துத் தலைவரையும்.

அப்போ எம்.எல்.ஏ. வேட்பாளருக்கு இதுல கொள்கையே தேவையில்லையா? ரொம்ப தேவை! உள்ளாட்சிக்கு என்ன அதிகாரம், எவ்வளவு பணம்னு சட்டம் போடுறது சட்டமன்றம். தேர்தலை நேரத்துக்கு நடத்தணும்னு குரல் கொடுக்க வேண்டிய இடமும் அதுதான். 2011-ல் தேர்ந்தெடுத்த உள்ளாட்சிப் பிரதிநிதிகளோட பதவிக்காலம் 2016-ல் முடிஞ்சது. அடுத்த ஊரக உள்ளாட்சித் தேர்தல் பெரும்பாலான மாவட்டங்கள்ல 2019 டிசம்பர்ல நடந்தது. ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர். நகர்ப்புறங்களுக்கு 2022 பிப்ரவரி. நடுவுல கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர்கள்தான். 2019-ல் தேர்ந்தெடுத்த ஊரக உள்ளாட்சிகளோட காலம் 2025 ஜனவரி 5-ம் தேதி முடிஞ்சப்போ திரும்பவும் தனி அலுவலர்கள் வந்தாங்க. முதல் இடைவெளி ஒரு கட்சி ஆட்சியில ஆரம்பிச்சது, அடுத்தது இன்னொரு கட்சி ஆட்சியில.

உங்க தெரு சாக்கடை ஏன் அடைச்சுக்கிட்டு இருக்குன்னு கேட்டா, பதில்ல ஒரு பகுதி இங்கே இருக்கு. புகார் சொல்ல ஊர்க்காரர் ஒருத்தர் பதவியில இல்லைன்னா மனு எடுத்துக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா அலைய வேண்டியதுதான். ஆக, ‘சாக்கடையை நானே வந்து சரி பண்ணுவேன்’னு சொல்ற வேட்பாளரைவிட, ‘உள்ளாட்சித் தேர்தலை நேரத்துக்கு நடத்தணும்னு சட்டமன்றத்துல பேசுவேன், என் கட்சி ஆட்சியில இருந்தாலும் பேசுவேன்’னு சொல்றவர் சிலபஸ் படிச்சுட்டு வந்திருக்கார்னு அர்த்தம்.

கடையை மூடினா பணம் எங்கே?

‘எங்க ஊர்ல ராத்திரி ஏழு மணிக்கு மேல அந்த ரோட்ல நடக்க முடியாது. டாஸ்மாக்கை எடுக்கணும்.’ பொண்ணுங்க ஹாஸ்டல்ல இருந்து வந்த பதில் இது. ஒருத்தர் மட்டும் சொல்லலை.

மது முழுக்க முழுக்க மாநிலப் பட்டியல். டெல்லி மேல பழி போட முடியாத கேள்வி! மூட நினைச்சா கோட்டையிலயே முடிவெடுக்கலாம். 2016 ஏப்ரல்ல பீகார் முழு மதுவிலக்கு கொண்டு வந்தது. அதே 2016-ல் தமிழ்நாட்டுல அ.தி.மு.க. படிப்படியான மதுவிலக்குன்னு சொன்னது, தி.மு.க. முழு மதுவிலக்குன்னு சொன்னது. அந்த வருஷம் ஜெயிச்ச ஜெயலலிதா பதவியேற்றதும் 500 கடைகளை மூடினார். 2017-ல் எடப்பாடி பழனிசாமி இன்னொரு 500. 2023 ஜூன்ல தி.மு.க. அரசு ஒரு 500. ஆனா டாஸ்மாக் மூலமா அரசுக்கு வந்த வருமானம்? 2023-24-ல் 45,000 கோடி ரூபாயைத் தாண்டிடுச்சு.

இப்போ யோசிங்க. அரசு பஸ்ல பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பயணம் 2021-ல் ஆரம்பிச்சது. அரசுப் பள்ளியில படிச்சு காலேஜுக்கு வந்த பொண்ணுங்களுக்கு மாசம் 1,000 ரூபாய் தர்ற புதுமைப் பெண் 2022 செப்டம்பர்ல. பசங்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட்ல. உங்க கிளாஸ்லயே இதை வாங்கி ஃபீஸ் கட்டினவங்க இருப்பாங்க. இதுக்கெல்லாம் பணம் அரசோட கஜானாவுல இருந்துதான் வருது. அந்தக் கஜானாவுக்கு மது வருமானமும் வருது.

அதனால கடையை மூடக் கூடாதுன்னு நான் சொல்ல வரலை. ‘மூடுவேன்’ங்கிற ஒரு வார்த்தை கொள்கை ஆகாது. எத்தனை வருஷத்துல, எந்தக் கடையை முதல்ல, குறையிற பணத்துக்கு எந்த வரி, கள்ளச்சாராயத்தைத் தடுக்க என்ன வழி? இந்த நாலுக்கும் பதில் இருந்தா அது கொள்கை. 2023-ல் மரக்காணத்திலும் 2024-ல் கள்ளக்குறிச்சியிலும் விஷச் சாராயம் குடிச்சு ஆட்கள் செத்த மாநிலத்துல கடைசிக் கேள்வியை ‘சாய்ஸ்’ல விட முடியாது.

ஒரே கதவு, மூணு ரிசல்ட்டு

இப்போ அந்த 13 மார்க் கேள்வி. இன்ஜினீயரிங் படிக்கிற அத்தனை பேரும் கவனிங்க, இது நம்ம கதை.

நாம கவுன்சலிங்குக்கு பிளஸ் டூ மார்க்கை மட்டும் எடுத்துக்கிட்டுப் போனோம். நம்ம சீனியர்களோட சீனியர்கள் அப்படிப் போகலை. 1984-லிருந்து தமிழ்நாட்டுல இன்ஜினீயரிங், மெடிக்கலுக்கு மாநில நுழைவுத் தேர்வு இருந்தது. கிராமத்துப் பசங்க கோச்சிங்குக்குக் காசில்லாம பின்தங்குறாங்கன்னு அதை ரத்து பண்ண 2005-ல் அ.தி.மு.க. அரசு ஆணை போட்டது. ஹைகோர்ட்ல நிக்கலை. 2006-ல் சட்டம் கொண்டு வந்தது. அதுவும் நிக்கலை. அப்புறம் வந்த தி.மு.க. அரசு, பேராசிரியர் மு.அனந்தகிருஷ்ணன் தலைமையில ஒரு குழு போட்டு, காரணங்களைச் சேர்த்து, 2006 டிசம்பர்ல புதுச் சட்டம் நிறைவேத்தி ஜனாதிபதிக்கு அனுப்புச்சு. 2007 மார்ச்ல ஒப்புதல் கிடைச்சது. நுழைவுத் தேர்வு காலி!

ரெண்டாவது ஜல்லிக்கட்டு. 2014 மே மாசம் சுப்ரீம் கோர்ட் தடை. 2017 ஜனவரியில மெரினாவுல மாணவர்கள் உட்கார்ந்தது உலகத்துக்கே தெரியும். ஜனவரி 21 அவசரச் சட்டம், 23-ம் தேதி சட்டமன்றத்துல மசோதா. விலங்கு வதைத் தடுப்பு பொதுப் பட்டியல்ல வர்றதால ஜனாதிபதி ஒப்புதல் வேணும். அந்த மாசக் கடைசிக்குள்ள அதுவும் வந்தது. 2023 மே 18-ல் அந்தச் சட்டம் செல்லும்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு.

மூணாவது நீட். 2017 பிப்ரவரி 1-ம் தேதி சட்டமன்றம் ரெண்டு மசோதாவை நிறைவேத்துச்சு. ஒப்புதல் வரலை. 2021 செப்டம்பர் 13-ல் திரும்ப ஒரு மசோதா. 2022 பிப்ரவரியில ஆளுநர் திருப்பி அனுப்பினார். அதே மாசம் 8-ம் தேதி சிறப்புக் கூட்டம் போட்டு மறுபடி நிறைவேத்தினாங்க. ஜனாதிபதிக்குப் போச்சு. 2025 ஏப்ரல் 4-ம் தேதி, அது நிராகரிக்கப்பட்டுடுச்சுன்னு முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்துல அறிவிச்சார்.

பார்த்தீங்களா? மூணுக்கும் ஒரே கதவு: ஜனாதிபதி ஒப்புதல். ரெண்டு தடவை திறந்தது, நீட்டுக்குத் திறக்கலை. நீட் வேணாம்னு தமிழ்நாட்டுல ரெண்டு பெரிய கட்சியும்தான் சொன்னாங்க. ஆக, ‘நீட்டை எதிர்க்கிறீங்களா?’ன்னு வேட்பாளர்கிட்ட கேட்கிறது வேஸ்ட். தலையை ஆட்டிட்டுப் போயிடுவார். கேட்க வேண்டியது: ‘கதவு திறக்கலைன்னா உங்க அடுத்த வழி என்ன?’

அடுத்த வழின்னு ஒண்ணு உண்டான்னு கேட்கிறீங்களா? உண்டு. 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்புல 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு. நீட் எழுதித்தான் ஆகணும், ஆனா அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்குத் தனி வரிசை. இதுக்கு ஜனாதிபதி தேவையில்லை, ஆளுநர் கையெழுத்து போதும். அதுவே இழுத்துக்கிட்டுப் போனப்போ அக்டோபர் 29-ம் தேதி அரசாணையா போட்டாங்க. மறுநாள் ஆளுநரோட ஒப்புதலும் வந்தது. முந்தின வருஷம் அரசுப் பள்ளியிலிருந்து எம்.பி.பி.எஸ். போனவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். அந்த வருஷம் 300-க்கும் மேல! 2021-ல் அதே 7.5 சதவிகிதத்தை இன்ஜினீயரிங், விவசாயம் மாதிரி படிப்புகளுக்கும் கொண்டு வந்தாங்க. உங்க பக்கத்து பெஞ்சுக்காரர் அப்படி வந்தவரா இருக்கலாம்.

முதல்ல சட்டம் போட்டது அ.தி.மு.க., அடுத்து விரிவாக்கினது தி.மு.க. எந்தக் கட்சி நல்ல கட்சிங்கிற பட்டிமன்றத்தை நீங்க கேண்டீன்ல வச்சுக்குங்க. எனக்குப் புரிஞ்சது இது: பெரிய வாக்குறுதி மாட்டிக்கிட்டு நின்னப்போ, சிலபஸ் தெரிஞ்சவங்க சின்னதா ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. அந்த வழியில சில நூறு பேர் டாக்டருக்குப் படிக்கப் போனாங்க.

ரயிலும் டோல்கேட்டும்

இதைச் சுருக்கமா முடிச்சுடலாம். ரயில் நிறுத்தம் ரயில்வேயோட முடிவு. தேசிய நெடுஞ்சாலை டோல்கேட் டெல்லியோட முடிவு. எம்.எல்.ஏ. மனு கொடுக்கலாம், எம்.பி.யைக் கூட்டிக்கிட்டுப் போகலாம். அவ்வளவுதான். ஆனா ரயில்வே மேம்பாலம் அப்படி இல்லை. தண்டவாளத்துக்கு மேல வர்ற பகுதியை ரயில்வே கட்டினாலும், ரெண்டு பக்கமும் இறங்குற சாலையும் அதுக்கான நிலமும் பொதுவா மாநிலத்தோட பொறுப்பு. பாதி கட்டி அந்தரத்துல நிக்கிற பாலம் உங்க ஊர்ல இருந்தா, நிலம் எடுக்குற வேலையை எம்.எல்.ஏ. விரட்டினாரான்னு விசாரிங்க. ‘டெல்லி பண்ணலை’ங்கிற பதில் அங்கே செல்லாது.

தனி ஆளா என்ன பண்ணுவீங்க?

ஒரு முக்கியமான விஷயம். நோட்டீஸ்ல இருக்கிறது அண்ணனோட கொள்கையா, அவர் கட்சியோட கொள்கையா? 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தோட கணக்குப்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டு போட்டா பதவியே போயிடலாம். ஆக, ஓட்டெடுப்புல அவர் கட்சிக்காரர்தான். ஆனா வாயைத் திறக்க எந்தத் தடையும் இல்லையே! கேள்வி நேரத்துல கேட்கலாம். கவன ஈர்ப்புத் தீர்மானம் கொடுக்கலாம். மானியக் கோரிக்கை மேல பேசும்போது தொகுதி விஷயத்தைப் போட்டு உடைக்கலாம். ஏற்கெனவே எம்.எல்.ஏ.வா இருந்தவர்னா, அஞ்சு வருஷத்துல நம்ம தொகுதியைப் பத்தி எத்தனை தடவை பேசினார்னு கேளுங்க.

யாரும் கேட்கலைன்னா ஊர் என்ன பண்ணும்னு காட்டின தொகுதி ஒண்ணு தமிழ்நாட்டுல இருக்கு. ஈரோடு பக்கத்துல மொடக்குறிச்சி. 1996 தேர்தல்ல, தங்களோட பிரச்னையை யாரும் கண்டுக்கலைன்னு விவசாயிகள் கூட்டம் கூட்டமா வேட்புமனு போட்டாங்க. கடைசியில களத்துல நின்னது 1,033 பேர்! வாக்குச்சீட்டு, சீட்டா இல்லாம புத்தகமா ஆச்சு. தேர்தலையே தள்ளி வைக்க வேண்டியதாப் போச்சு. அந்த வருஷமே சட்டத்தைத் திருத்தி, சட்டமன்ற வேட்பாளருக்கான டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினாங்க. இப்போ பொதுப் பிரிவுக்கு 10,000. விவசாயிகள் சொன்ன பிரச்னைக்கு முன்னாடி டெபாசிட்டுக்குத் தீர்வு வந்துடுச்சு, அதான் சோகம்.

எல்லாம் இருக்கு, அது மட்டும் இல்லை

வேட்பாளர் மனுவோட படிவம் 26-ன்னு ஒரு உறுதிமொழிப் பத்திரம் தரணும். சுப்ரீம் கோர்ட்டோட 2002, 2003 தீர்ப்புகளால வந்தது. சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு, வழக்கு எத்தனை, படிப்பு என்ன, எல்லாம் அதுல இருக்கும். தேர்தல் ஆணையம் வெளியிடும், யார் வேணா பார்க்கலாம். வீட்டுல இருக்கிற நகை கிராம் கணக்குல இருக்கும். கொள்கை? ஒரு வரிகூட இருக்காது. எழுதணும்னு சட்டம் கேட்கலை.

கட்சிகளோட தேர்தல் அறிக்கைக்கு மட்டும் கொஞ்சம் கடிவாளம் உண்டு. 2006 கலர் டி.வி., 2011 மிக்ஸி கிரைண்டர் வாக்குறுதிகளை எதிர்த்த வழக்குல, அறிக்கையில இலவசம் அறிவிக்கிறது லஞ்சக் குற்றம் ஆகாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2013-ல் சொன்னது. கூடவே, விதிமுறை வகுக்கச் சொல்லி தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவு. அதுக்கப்புறம், வாக்குறுதிக்குப் பணம் எப்படி வரும்னு அறிக்கையில மேலோட்டமாவாவது சொல்லணும்னு ஆணையம் நெறிமுறையில சேர்த்தது. தொகுதி அளவுல அண்ணன் கொடுக்கிற நோட்டீஸுக்கு அந்தக் கேள்வியை நாமதான் கேட்டாகணும்.

கேள்வித்தாள்: கட் பண்ணி பர்ஸ்ல வச்சுக்குங்க!

1. இந்த வேலை யார் கையில இருக்கு? உங்க நிதியா, உள்ளாட்சியா, கோட்டையா, டெல்லியா?

2. பணம் எங்கிருந்து வரும்?

3. முதல் வழி அடைச்சுக்கிட்டா அடுத்த வழி என்ன?

4. முதல் வருஷம் முடியும்போது என்ன நடந்திருக்கும்?

5. இந்த விஷயத்துல உங்க கட்சி வேற மாதிரி முடிவெடுத்தா சட்டமன்றத்துல பேசுவீங்களா?

அஞ்சையும் ஒரே மூச்சுல கேட்டா வேன் நிக்காது. ஒண்ணு மட்டும் கேளுங்க. பக்கத்து வீட்டு அக்கா ரெண்டாவதைக் கேட்கட்டும், எதிர் வீட்டுத் தாத்தா மூணாவதைக் கேட்கட்டும். ‘தம்பி என்ன கட்சி?’ன்னு யாராவது முறைச்சா, ‘காலேஜ் அசைன்மென்ட்ணே’ன்னு சொல்லிடுங்க. தப்பிச்சுடலாம்!

எம்.எல்.ஏ. ஆக 25 வயசு ஆகணும். ஓட்டு போட 18 போதும். 1989 வரைக்கும் அது 21-ஆ இருந்தது. அப்படின்னா 20 வயசு எனக்கெல்லாம் ஓட்டே கிடையாது. நம்மளை நம்பி மூணு வருஷம் முன்னாடியே கொடுத்திருக்காங்க. அதனால முதல் வேலையா பட்டியல்ல பேர் இருக்கான்னு பாருங்க. 2025 கடைசியில நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கு அப்புறம் அப்பா, அம்மா, அப்பத்தா பேரையும் சேர்த்துப் பார்க்கிறது நல்லது. இல்லைன்னா படிவம் 6. முன்ன மாதிரி ஜனவரி 1-க்காகக் காத்திருக்க வேணாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர்னு வருஷத்துல நாலு தகுதி நாள். 17 முடிஞ்சவங்க முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஹாஸ்டல்வாசிகள் சொந்த ஊர்லயோ, காலேஜ் இருக்கிற ஊர்லயோ பேரைச் சேர்க்கலாம். ரெண்டுலயும் வேணாம், அது குற்றம்!

இந்த வார ஹோம்வொர்க்: உங்க தொகுதியில போன தேர்தலுக்குக் கொடுத்த நோட்டீஸ் வீட்டுல எங்கேயாவது கிடக்கும். பழைய பேப்பர் கட்டுல தேடுங்க. அதுல இருக்கிற வாக்குறுதிகளை நாலு கட்டமா பிரிச்சு, நடந்ததுக்கு டிக்கும் நடக்காததுக்கு இன்ட்டுவும் போட்டு, ‘கேண்டீன் பெஞ்ச்’னு எழுதித் தபால்ல அனுப்புங்க. சூப்பரா பிரிச்சவங்க லிஸ்ட்டை அடுத்தடுத்த வாரங்கள்ல இங்கேயே போடுறோம். கட்சி பேரை எழுதாதீங்க, தொகுதி பேர் போதும்.

வரட்டா? எனக்கு நாளைக்கு தெர்மோடைனமிக்ஸ் இன்டர்னல். அதுல எது சிலபஸ்னு இனிமேதான் பார்க்கணும்!